சிட்டாவும் அடங்கலும்: கணினி ஏட்டில் உழவர் யார்?

(பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இலக்கிய வட்டம் ஒன்றின் பத்தாம் ஆண்டு விழாவில் கணினியையும் கழனியையும் இணைத்துப் பேசுவது பொருந்துமா என்னும் ஐயம் சிலர்க்கு எழக்கூடும். தமிழ் இலக்கியம் உழவை ஒதுக்கி வைத்த காலம் என ஒன்று இல்லை. திருக்குறள் உழவுக்கென ஓர் அதிகாரத்தையே வகுத்தது. கம்பர் பெயரால் வழங்கும் ஏரெழுபது உழவுக் கருவிகளையும் உழவுச் செயல்களையும் எடுத்துப் பாடியது. பிற்காலத்தில் எழுந்த பள்ளு நூல்கள் ஒரு படி மேலே சென்று, சேற்றில் இறங்கி உழைக்கும் குடும்பனையே கதையின் நடுவில் நிறுத்தின.

பள்ளு நூல்களில் ஒரு காட்சி வரும். பண்ணைக்காரன் வந்து கணக்குக் கேட்பான். குடும்பன் வித்து வகை, மாட்டு வகை, ஏர்க்கருவி வகை என வரிசையாக ஒப்புவிப்பான். முக்கூடற் பள்ளில் அடுக்கப்பெறும் நெல்லின் பெயர்களும் மாட்டின் பெயர்களும் இன்றைய வேளாண் பல்கலைக்கழக மாணவரையும் வியக்கவைப்பன. நிலம் குடும்பனுடையதன்று, நிலத்தைப் பற்றிய அறிவு அவனுடையது. கணக்கு பண்ணையின் ஏட்டில் ஏறும். அறிவு அவன் நாவோடு நின்றுவிடும். நிலத்துக்கு உரியவர் ஒருவர், நிலத்தை அறிந்தவர் மற்றொருவர் என்னும் இந்த இரட்டை நிலை பள்ளுக் காலத்தோடு முடிந்துவிடவில்லை. கைப்பேசியும் கணினியும் செயற்கைக்கோளும் வேளாண்மைக்குள் புகுந்துவிட்ட இக்காலத்தில், இவ்விருவருள் எவர் 'உழவர்' எனப் பதிவாகிறார் என்பதே இவ்வுரையில் எழுப்பப்பெறும் வினா.

புதிய கருவிகளை ஏற்பதில் தமிழக உழவர் பின்தங்கியவர் என்னும் கருத்து நகரங்களில் பரவலாக உண்டு. அது வரலாற்றுக்கு மாறானது. 1960களின் நடுவில் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஏ.டி.டி. 27 என்னும் குறுகியகால நெல் வெளிவந்தது. திருச்சிராப்பள்ளி வானொலி அந்நெல்லைப் பற்றிய செய்திகளைத் தொடர்ந்து ஒலிபரப்பியது. தஞ்சை மாவட்டத்துக் குறுவைச் சாகுபடியில் அது விரைந்து பரவியது. ஆராய்ச்சியாளர் இட்ட எண்ணும் எழுத்தும் கலந்த பெயர் உழவரின் நாவில் ஒட்டவில்லை. அவர்கள் அதற்கு 'ரேடியோ நெல்' என்று பெயரிட்டார்கள். செய்தி எந்த வழியாக வந்ததோ அந்த வழியின் பெயரையே விளைபொருளுக்குச் சூட்டுவது அக்கருவியை மனமுவந்து ஏற்றதற்குச் சான்று. இதனைப் பெயர்ச்சொல் ஆய்வாளரும் கருத்திற் கொள்ளலாம்.

வானொலி ஏன் வென்றது? அதற்குக் கடவுச்சொல் தேவையில்லை. எழுத்தறிவு தேவையில்லை. தேநீர்க்கடையில் ஒரு பெட்டி இருந்தால் ஊரே கேட்கும். பட்டா வைத்திருப்பவர் காதில் மட்டும் விழுந்து, குத்தகைக்குப் பயிரிடுபவர் காதில் விழாமற் போகும் வானொலி இல்லை. இச்சிறு உண்மையைக் கணினித் திட்டங்களை வகுப்போர் பலர் கருதிப் பார்க்கவில்லை.

கருதிப் பார்த்தவர்களும் உண்டு. 2023-இல் மறைந்த வேளாண் அறிவியலாளர் எம்.எஸ். சுவாமிநாதன் அவர்கள் பெயரால் சென்னையில் இயங்கும் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் புதுச்சேரிப் பகுதியில் ஊரக அறிவு மையங்களைத் தொடங்கியது. இணையம் என்னும் சொல்லையே பெரும்பாலோர் கேட்டிராத காலம் அது. வில்லியனூரில் ஒரு நடு மையம். அங்கிருந்து கம்பியில்லாத் தொடர்பின் வழியே சுற்றியுள்ள சிற்றூர்களுக்குச் செய்தி செல்லும். மின்வெட்டுக்கு அஞ்சிச் சூரிய ஒளியும் துணைக்கு வைக்கப்பட்டது. நெல்லின் விலை, உரத்தின் இருப்பு, மருத்துவமனை விவரம், பேருந்து நேரம், அரசுத் திட்டங்கள் ஆகியன தமிழில் எழுதப்பட்டு அனுப்பப்பட்டன. 'நம்ம ஊரு செய்தி' என்னும் இதழும் வெளிவந்தது. வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளோர் பட்டியலை ஊரார் எவரும் வந்து பார்க்கலாம் என்னும் நிலை ஏற்பட்டது. அதுவரை அப்பட்டியல் அலுவலக அலமாரிக்குள் இருந்தது.

மையத்துக்கு இடம் தருவது ஊரின் பொறுப்பு. அவ்விடத்துக்கு எல்லாச் சாதியினரும் வரக்கூடியதாக இருக்கவேண்டும் என்பது நிறுவனத்தின் கட்டாயம். ஏம்பலத்தில் மையம் கோயில் கட்டடத்தில் அமைந்தது. அக்கட்டடத்துக்கு இரு வாயில்கள். ஒரு வாயில் வழியே வழிபாட்டுக்குச் செல்லத் தாழ்த்தப்பட்டோர்க்கும் மாதவிலக்கான பெண்களுக்கும் அன்று இசைவில்லை. கணினி இருந்த மற்றொரு வாயில் வழியே எவரும் செல்லலாம். ஒரே சுவருக்குள் இரு நூற்றாண்டுகள் அருகருகே குடியிருந்தன எனலாம். கணினி தானாக அந்த இரண்டாம் வாயிலைத் திறந்துவிடவில்லை; நிபந்தனை விதித்தவர்கள் திறந்தார்கள்.

கடலோர ஊராகிய வீராம்பட்டினத்தில் தேவை வேறாக இருந்தது. அங்குள்ள மையம் அமெரிக்கக் கடற்படையின் இணையத் தளத்திலிருந்து அலை உயர முன்கணிப்பை எடுத்து, ஒலிபெருக்கியில் தமிழில் அறிவித்தது. கட்டுமரம் ஏறுவதா, கரையில் வலை பின்னுவதா என்பதை முடிவு செய்ய அவ்வறிவிப்பு உதவிற்று. உலகின் மிகப்பெரும் கடற்படை ஒன்றின் கணக்கு வீராம்பட்டினத்து மணலில் ஒலித்த காட்சியை எண்ணிப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. 2004 திசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை வந்தபோது, நல்லவாடு என்னும் ஊரைச் சேர்ந்த ஒருவர் சிங்கப்பூரில் இருந்தார். தொலைக்காட்சியில் செய்தி அறிந்து ஊருக்குத் தொலைபேசியில் சொன்னார். அவ்வூர் மையத்தின் ஒலிபெருக்கி வழியே எச்சரிக்கை பரவியது. மக்கள் கரையைவிட்டு ஓடினார்கள். வீடுகளும் படகுகளும் அழிந்தன, உயிர்கள் காக்கப்பட்டன. தொலைபேசி செய்தியைக் கொணர்ந்தது. ஆயினும் ஒருவர் காதுக்கு வந்த செய்தியை ஊரின் காதுக்குக் கொண்டு சென்றது ஒலிபெருக்கியே.

கைப்பேசியின் பயனைக் குறைத்துப் பேசுவது இங்கு நோக்கமன்று. கேரளத்தின் வடபகுதி மீனவரிடையே 1997 முதல் 2001 வரை கைப்பேசி பரவியதை ராபர்ட் ஜென்சன் என்னும் பொருளியல் அறிஞர் ஆராய்ந்து 2007-இல் வெளியிட்டார். மத்தி மீனோடு கரை திரும்பும்போதே எந்தத் துறையில் வாங்குவோர் உள்ளனர் என மீனவர் விசாரித்து அறிந்தனர். ஒரு துறையில் வாங்க ஆளின்றி மீனைக் கடலில் கொட்டுவதும், பத்துக் கல் தொலைவில் மீன் கிடைக்காமல் மக்கள் திரும்புவதும் நின்றன. மீனவரின் ஆதாயம் ஏறத்தாழ 8 விழுக்காடு உயர்ந்தது. வாங்குவோர்க்கு விலை 4 விழுக்காடு குறைந்தது. இருசாராரும் பயன்பெற்ற அரிய நிகழ்ச்சி இது. இங்கும் கருவி பேச்சுக்கே பயன்பட்டது என்பதை மறத்தலாகாது. கடல் எவர் பெயரிலும் பட்டா செய்யப்படவில்லை என்பதையும் சேர்த்து நினைக்கவேண்டும்.

நிலத்தில் நிலைமை வேறு. உழவர்களுக்கான இலவசத் தொலைபேசி மையம் 2004 சனவரியில் நாடெங்கும் தொடங்கியது. தமிழக அரசின் 'உழவன்' செயலி 2018-இல் வந்தது. மானியம், விதை இருப்பு, வானிலை, சந்தை விலை எல்லாம் அதில் உண்டு. மின்னணு தேசிய வேளாண் சந்தை 2016 ஏப்ரலில் தொடங்கப்பட்டது. 'ட்ரோன்' என்று ஊர்களில் வழங்கும் ஆளில்லா வானூர்தி இப்போது மருந்து தெளிக்கிறது. மகளிர் தன்னுதவிக் குழுக்கள் 15,000-க்கு அதனை வழங்கும் திட்டம் 2023-இல் ஏற்கப்பட்டது. இவற்றை ஒவ்வொன்றாக ஆராய இவ்வரங்கு இடமன்று. இவற்றுள் பலவற்றுக்கும் அடியில் ஒரு பதிவேடு கிடக்கிறது. அப்பதிவேட்டைப் பற்றியே பேசவேண்டியுள்ளது.

தமிழக ஊர்களின் வருவாய்க் கணக்கில் சிட்டா, அடங்கல் என்னும் இரண்டு சொற்கள் நெடுங்காலமாக வழங்குகின்றன. சிட்டா என்பது நிலம் யாருடையது, எவ்வளவு, நன்செயா புன்செயா எனக் காட்டுவது. அடங்கல் என்பது அந்நிலத்தில் இந்தப் பசலியில் என்ன பயிர் நிற்கிறது எனக் காட்டுவது. சிட்டா தலைமுறைக்கு ஒருமுறை மாறலாம். அடங்கல் பருவந்தோறும் மாறும். சிட்டாவை அலுவலகத்தில் அமர்ந்து எழுதலாம். அடங்கலை எழுதக் கிராம நிர்வாக அலுவலர் வரப்பில் நடக்கவேண்டும். குத்தகைக்குப் பயிரிடுபவர் தாம் பயிரிடுவதை மெய்ப்பிக்க நாடுவதும் அடங்கலையே. சுருங்கக் கூறின், சிட்டா உடைமையின் ஏடு. அடங்கல் உழைப்பின் ஏடு.

கணினி முதலில் எதனை விழுங்கியது? சிட்டாவை. அது எளிது, நிலையாக நிற்பதைக் கணினியில் ஏற்றுவது எப்போதும் எளிது. இன்று எவரும் வீட்டிலிருந்தே சிட்டா நகலை எடுத்துக்கொள்ளலாம். வட்டாட்சியர் அலுவலக வாயிலில் காத்துக் கிடந்த காலத்தை அறிந்தவர்கள் இதன் அருமையை உணர்வார்கள். அடங்கல் கணினிக்கு வந்தது பின்னரே. இந்த முன்பின் வரிசை தற்செயலாக நேர்ந்திருக்கலாம். ஆனால் அதன் விளைவு சிறிதன்று. பின்வந்த திட்டங்கள் அனைத்தும் முன்னே ஆயத்தமாக இருந்த ஏட்டின்மேல் கட்டப்பட்டன.

சொல் ஆர்வலர்க்காக ஓர் இடைக்குறிப்பு. கணினி தரும் சிட்டாவில் பரப்பளவு ஹெக்டேரிலும் 'ஏர்' என்னும் அளவிலும் காணப்படும். நூறு சதுர மீட்டர் கொண்ட பிரெஞ்சு அளவின் பெயர் அது. உழவர் தோளில் சுமந்த ஏருக்கும் அதற்கும் ஒலி ஒற்றுமை தவிர உறவில்லை. தஞ்சைப் பகுதி உழவர் இன்றும் குழி, மா, வேலி என்றே பேசுகிறார். நூறு குழி ஒரு மா. இருபது மா ஒரு வேலி. மூன்று மா ஏறத்தாழ ஓர் ஏக்கர். 'ஐந்து மா நடவு' என்று வாயால் சொல்பவர், திரையில் அதனை 67 ஏர் என்று காணும்போது தம் நிலம்தானா எனத் தயங்குகிறார். அளவுச் சொல்லை மாற்றித் தருவது கணினிக்கு ஒரு நொடி வேலை. அதனைக் கேட்க ஒருவர் வேண்டும், அவ்வளவே. தமிழ் பயின்றோர் செய்யத்தக்க பணிகளுள் இதுவும் ஒன்று.

நடுவண் அரசின் உழவர் நிதியுதவித் திட்டம் 2019 பிப்ரவரியில் தொடங்கியது. ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணைகளில், நேரே வங்கிக் கணக்கில் சேரும். இடைத்தரகர் இல்லை. நல்ல ஏற்பாடு. ஆனால் அது நிலம் உடைய குடும்பங்களுக்கு மட்டுமே உரியது. நிலத்தை விட்டுச் சென்னையிலோ பெங்களூரிலோ வாழ்பவர் தகுதி பெறலாம். அந்நிலத்தில் குத்தகைக்கு நாற்று நடுபவர் தகுதி பெறார். 2020-இல் தமிழகத்தில் இத்திட்டத்தின் இணையப் பதிவில் கடவுச்சொற்கள் தவறாகப் பயன்படுத்தப்பட்டு, தகுதியற்றோர் பெயர்கள் இலட்சக்கணக்கில் ஏற்றப்பட்டமை வெளிப்பட்டது. அரசு விசாரணை நடத்திப் பணத்தைத் திரும்பப் பெறும் நடவடிக்கையில் இறங்கியது. உழாதவர் உழவராகத் திரையில் தோன்றியதை அனைவரும் கண்டித்தனர், கண்டிக்கத்தக்கதே. உழுபவர் திரையில் தோன்றாமற் போவதைக் கண்டிக்க அந்த அளவுக்குக் குரல் எழவில்லை.

2024 செப்டம்பரில் நடுவண் அமைச்சரவை 2,817 கோடி ரூபாயில் எண்ணியல் வேளாண் இயக்கத்துக்கு இசைவளித்தது. உழவர் பதிவேடு, ஊர் நில வரைபடம், பயிர்ப் பதிவேடு என மூன்று அடித்தளங்கள் அதில் உண்டு. மூன்றாண்டுகளில் 11 கோடி உழவர்க்கு ஆதார் போன்ற தனி அடையாளம் வழங்குவது குறிக்கோள். கடன், காப்பீடு, உரம், கொள்முதல் ஆகிய பலவும் அவ்வெண்ணோடு இணைக்கப்படக் கூடியவை. எண் இல்லாதவர் நிலை யாது என்பதை ஊகிக்கப் பெரிய புலமை வேண்டுவதில்லை.

எண் இல்லாதவர் யார் யார்? முதலில் குத்தகை உழவர். தமிழகத்தில் 1955-இல் பயிரிடும் குத்தகையாளர் பாதுகாப்புச் சட்டமும், 1969-இல் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டமும் இயற்றப்பட்டன. சட்டம் இருப்பினும் இன்று நடைபெறும் குத்தகைகளுட் பெரும்பகுதி வாய்மொழியே. எழுதிக் கொடுத்தால் உரிமை போய்விடும் என நிலத்துக்கு உரியவர் அஞ்சுகிறார். எழுதிக் கேட்டால் நிலம் போய்விடும் எனக் குத்தகையாளர் அஞ்சுகிறார். இரண்டு அச்சங்களுக்கும் நடுவில் தாள் வெறுமையாக இருக்கிறது. கோயில் நிலங்களின் நிலை இன்னும் விந்தையானது. அங்குப் பட்டாதாரர் சுவாமியே. சுவாமிக்கு ஆதார் இல்லை, கைப்பேசியும் இல்லை. தலைமுறை தலைமுறையாக அந்நிலத்தை உழும் குடும்பத்துக்குப் பட்டா இல்லை.

அடுத்தவர் பெண்கள். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டின் சாகுபடி உடைமைகளில் பெண்கள் பெயரில் இருப்பவை ஏறத்தாழ 14 விழுக்காடு. நாற்று நடுதல், களை பறித்தல், தூற்றுதல், விதை பேணுதல் ஆகியவற்றில் அவர்கள் பங்கு 14 விழுக்காடு என்று எவரும் சொல்லத் துணியார். தமிழ்நாடு 1989-இலேயே இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்திப் பெண்மக்களுக்குக் குடும்பச் சொத்தில் சம உரிமை வழங்கியது. நாடு முழுமைக்கும் அது 2005-இல்தான் வந்தது. முன்னோடி மாநிலம் என்னும் பெருமை மெய்யானது. பட்டாவில் பெயர் மாறுவதோ தங்கை அண்ணனிடம் வாய்விட்டுக் கேட்பதைப் பொறுத்தது. 'அண்ணா, என் பங்கு' என்னும் சொற்கள் அவ்வளவு எளிதில் வாயில் வருவதில்லை. கேட்டபின் தாய்வீட்டுச் சீர் நின்றுவிடும் என்பதை ஊரார் அறிவர். இதனைத் தீர்க்கும் செயலி எதுவும் இல்லை. கணவர் இறந்தபின்னும் பட்டா மாற்றப்படாமல், மறைந்தவர் பெயரிலேயே நிலம் இருக்கும் குடும்பங்கள் உண்டு. அவ்வீட்டில் உழவுக்குப் பொறுப்பேற்ற பெண், கணினியின் கண்ணுக்கு உழவரல்லர்.

இயலாததைக் கேட்பதாக இதனைக் கொள்ளவேண்டியதில்லை. அண்டையிலுள்ள ஆந்திரத்தில் 2019-இல் பயிரிடுவோர் உரிமைச் சட்டம் கொண்டுவரப்பட்டது. பதினொரு மாதங்களுக்குச் செல்லும் அட்டை ஒன்று குத்தகை உழவருக்கு வழங்கப்பட்டது. நில உரிமைக்கும் அதற்கும் தொடர்பில்லை. பயிருக்கு மட்டுமே உரிமை. வயலில் நின்று பயிரைக் கணினியில் பதியும்போது உண்மையில் பயிரிடுபவரின் பெயரையும் சேர்க்கும் முறை அங்கு உருவாயிற்று. நிலத்துக்கு உரியவரின் கையொப்பம் தேவை என்பதால் பலர் ஒப்பமிட மறுத்தனர் என்பதும் உண்மை. கணினி ஒத்துழைத்தது, மனிதர் தயங்கினர். ஒடிசா 2018 திசம்பரில் அறிவித்த காலியா திட்டத்தில் பங்கு வாரத்துக்குப் பயிரிடுவோரும் நிலமற்ற வேளாண் குடும்பங்களும் இடம்பெற்றனர். ஆதலின் பதிவேட்டில் எவரைச் சேர்ப்பது என்பது பொறியின் இயலாமை பற்றியதன்று. அரசும் ஊரும் எடுக்கும் முடிவு பற்றியது.

தமிழகத்துக்கு இதில் ஒரு வாய்ப்பு இருக்கிறது. எண்ணியல் இயக்கத்தின் மூன்றாம் அடித்தளமாகிய பயிர்ப் பதிவேடு, பெயர் மாறிய அடங்கலே. வரப்பில் நின்று கைப்பேசியால் படம் எடுத்துப் பயிரைப் பதியும் அவ்வேளையில், பயிரிடுபவர் யார் என்னும் கேள்வியையும் கேட்டு அப்பெயரை நிரப்பலாம். நிரப்பியதை அலுவலகத்தின் கடவுச்சொல்லுக்குள் பூட்டாமல் ஊருக்குக் காட்டலாம். வில்லியனூர்ப் பக்கத்தில் வறுமைக் கோட்டுப் பட்டியலை எவரும் பார்க்கலாம் என்ற நிலை ஏற்பட்டது போன்றதே இது. கிராம சபைக் கூட்டத்தில் புல எண், பயிர், பயிரிடுபவர் பெயர் ஆகியவற்றை உரக்கப் படிக்கச் செய்யலாம். எழுத்தறியாதவரும் தம் பெயர் விடுபட்டதை அங்கேயே சொல்வார். பொய்ப்பெயர் ஏறியிருந்தால் ஊரார் சிரிப்பார்கள். அச்சிரிப்பைவிடக் கடுமையான தணிக்கை வேறில்லை.

ஊர்க் கணக்குகளை ஆண்டுதோறும் சரிபார்க்கும் ஜமாபந்தி தமிழக வட்டங்களில் இன்றும் நடைபெறுகிறது. அதற்கு முன்பாகவே இப்படிப்பு நிகழ்ந்துவிட்டால், திருத்தத்தைக் கணக்கில் ஏற்றுவதற்குத் தனி ஏற்பாடும் தேவைப்படாது. பசலி ஆண்டு ஜூன் 30-இல் முடிகிறது. மே முதல் நாள் நடைபெறும் கிராம சபைக்கு ஒலிபெருக்கி ஒன்றும், அடங்கலின் அச்சுப் படி ஒன்றும் போதும்.